காது அண்ணனும் இரண்டு ‘டிக்’கும்

முட்டுக்காட்டிலிருந்து புதுப்பட்டினம் வரை எங்கள் கடற்கரைச் சாலையில் ஓடுகிற எந்த எஞ்சின் எந்த நாளில் சாகும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரே மனிதர் காது அண்ணன். அளந்து விடுகிறேன் என்று நினைப்பீர்கள். நானும் குடிவந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் மிக்ஸி செத்த பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. திருவிடந்தையில் எங்கள் வீட்டுக்கும் அவருடைய தகர ஷெட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ரேஸ் பைக்குகளின் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கோர்ப்பது அவர் வேலை. சாலையில் ஓடுகிற வண்டியைத் தொடமாட்டார். காரணம் கேட்டால், “ரோட்டு வண்டி வருசக்கணக்கா இருமிகினே இழுத்துகினு கெடக்கும்மா. ரேஸ் வண்டி அப்டி கெடையாது. ஓடும், இல்லன்னா சாவும்” என்பார்.

அவருடைய முக்கியமான கருவி ஓரடி நீள ஸ்க்ரூடிரைவர். அதன் முனையை ஓடும் எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்களை மூடிக்கொள்வார். போனில் யாரோ பேசுவதைக் கேட்பவர் போல நடுநடுவே ‘உம்’ கொட்டுவார். பிறகு தீர்ப்புச் சொல்வார்.

எனக்கும் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்? கல்யாணம்தான். பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு பைக்கில் கொஞ்சம் ஆர்வம் உண்டு என்றார்கள். அந்தக் கொஞ்சம் மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் என்று யாரும் சொல்லவில்லை. வாரத்தில் ஆறு நாள் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ரேஸ் ட்ராக். பக்கத்தில் பள்ளிக்கூடம் உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று நான் வீடு விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவர் காது அண்ணன் ஷெட் பக்கத்தில் வீடு உண்டா என்று விசாரித்திருக்கிறார்.

குடிவந்த முதல் நாள் மதியம் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கடல்காற்று எழுந்ததும் சுவருக்கு அப்பாலிருந்து சின்னச் சின்ன மணிகள் போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். ஷெட்டின் பின்பக்கம் நீளக் கம்பி கட்டி, அதில் வரிசையாக ஓட்டை விழுந்த பிஸ்டன்கள், வளைந்த கனெக்டிங் ராடுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளை பெயிண்டில் ஓர் ஆள் பெயர்.

“என்னண்ணே இதெல்லாம்?”

“செத்ததுங்கோ.”

“அந்தப் பேரெல்லாம்...?”

“ஓட்டனவன் பேரு. பயப்படாத, அவனுங்கோ நல்லாத்தான் கீறானுங்கோ. ஒருத்தனுக்கு மட்டும் முட்டி மடக்க வராது.”

கடைசிக் கொக்கியில் ஒன்றும் தொங்கவில்லை. மேலே பெயர் மட்டும் எழுதியிருந்தது. என் கணவர் பெயர்.

“இது காலியா இருக்கே அண்ணே?”

“எடம் போட்டு வெச்சிகீறேன்” என்று சொல்லிவிட்டு நாஸ்தா சாப்பிடப் போய்விட்டார்.

அன்று நான் கேஸை மூடினேனா என்று மூன்று முறை பார்த்தேன். சாதாரண நாளில் இரண்டு முறைதான் பார்ப்பேன்.

மிக்ஸியின் கதைக்கு வருகிறேன். ஒருநாள் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து குரல்: “தங்கச்சி, மிக்ஸி புஷ் தேஞ்சி போவுது. நாளைக்கி சட்னி கெடையாது, பொடி வெச்சிக்கோ.” மறுநாள் காலை எட்டு மணிக்கு மிக்ஸி ஒரு முனகலோடு நின்றது. இட்லிக்குப் பொடிதான்.

மீன்காரம்மா கூடையோடு கரைக்குப் போகிற வழியில் ஷெட் வாசலில் நிற்பார். “அண்ணாத்த, இன்னிக்கி எப்டி?” அண்ணன் கடல் பக்கம் தலையைச் சாய்ப்பார். கண்ணுக்குப் படகே தெரியாது. “நாலு போட்டு வருது. மொதோ மூணும் வெறும் வல. நாலாவது மொனகுது, சொமை கீது.” அந்தம்மா முதல் மூன்று படகுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நான்காவதிடம் போவார்.

செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு பையனிடம், “ஞாயித்துக்கிழம அஞ்சாவது ரவுண்டுல போயிடும், ஓட்டாத” என்றார். ஓட்டினான். ஐந்தாவது சுற்றில் எஞ்சின் இறுகிப்போய், வண்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் போனார்கள். தோள்பட்டையில் கட்டோடு வந்து சண்டை போட்டான்.

“நீ இன்னாமோ வெச்சிட்ட! உன் வாயாலதான் போச்சி!”

“வாயால போவல மச்சான். ஆயிலு மாத்தாம போச்சி.”

பையன் அடுத்த வாரம் ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு வந்தான். அண்ணன் அதைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு ஆயிலை மாற்றிக் கொடுத்தார்.

இதெல்லாம் சிரிப்புதான். ஒரு விஷயத்தை நினைத்தால் மட்டும் இன்றும் முதுகு சில்லிடுகிறது. போன வருஷம் ஒருநாள் அவர் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்: “நைனா, தங்கச்சி நட மாறிகீது. வெயிட்டு ஏறல. பதனம் ஏறிகீது, பாத்துப் பாத்து கால் வெக்குது. டாக்டராண்ட இட்டுகினு போ.” என் நடை மாறியது எனக்கே தெரியாது. நான்கு நாள் கழித்துப் பரிசோதித்தால், நான் உண்டாகியிருந்தேன்.

பாப்பா பிறந்த பிறகு அவள் அழுகைக்கும் சுவருக்கு அப்பாலிருந்து தீர்ப்பு வரும். “பசி இல்லம்மா, எறும்பு.” சட்டையைக் கழற்றினால் எறும்பு இருக்கும். எனக்கு நன்றியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சுவருக்கு அப்பால் ஒருவர் என் வீட்டை இப்படி அணு அணுவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று ஒருநாள் தலையணையால் சுவரை மூடப் பார்த்தேன். “அதெல்லாம் தாங்காதும்மா” என்று குரல் வந்தது.

பொங்கலுக்குப் பிறகு அந்தக் குரல் நின்றுபோனது. பாப்பா வீல் வீலென்று அழுதாலும் சுவர் பேசவில்லை. புது மிக்ஸி கரகரத்தபோதும் பேசவில்லை. மீன்காரம்மா கேட்டால், “காத்து சரியில்ல, கரையாண்டயே போய்ப் பாரு” என்று உள்ளே போய்விடுவார். என்மேல்தான் வருத்தமோ, தலையணை வைத்ததாலோ என்று பல நாள் யோசித்தேன்.

அப்போதுதான் என் கணவரின் எஞ்சின் பிரித்துக் கோர்க்கிற வேலைக்கு வந்தது.

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் சேர்ப்பது ஒரு பின். அந்தப் பின் நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் விரல்நகம் அளவுக் கம்பி வளையம் ஒன்று. அதற்கு லாக் என்று பெயர். பள்ளத்தில் சரியாக உட்காரும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். மற்ற மெக்கானிக்குகள் விரலால் தடவி, ஸ்க்ரூடிரைவரால் சுழற்றிப் பார்ப்பார்கள். காது அண்ணனுக்கு அந்த ‘டிக்’தான் சாட்சி. லாக் போடும் நேரத்தில் அக்கம்பக்கத்தில் மின்விசிறி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது, நெத்திலி விற்பவர் கூவக்கூடாது. கோயில் மணிக்கு மட்டும் விலக்கு.

அந்தப் புதன்கிழமை மதியம் டீ கொடுக்கப் போனபோது அவர் விரலை உயர்த்தினார். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேன். முதல் லாக்: டிக். அண்ணன் இரண்டாவது லாக்கை அழுத்தினார். அண்ணன் இரண்டாவது லாக்கை அழுத்தினார். அண்ணன் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். சிலிண்டரை மேலே இறக்கினார்.

எனக்கு ஒரு ‘டிக்’தான் கேட்டது.

தும்மலில் இரண்டாவது கலந்துவிட்டதா? தும்மல் முன்னாலா, பின்னாலா? மூன்று நாளும் இதே யோசனை. கணவரிடம் சொன்னேன். “நீ பூட்டைப் பூட்டிட்டு பூட்டினேனான்னு கேக்கற ஆளு. அண்ணன் காதையே சந்தேகப்படறியா?” என்றார். லாக் கழன்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். பின் நழுவிச் சிலிண்டரைக் கீறும், எஞ்சின் இறுகும், பின்சக்கரம் சுழலாமல் நிற்கும் என்று தரம் பார்ப்பவர் போலவே விளக்கினார். வண்டிமேல் இருக்கிறவர் எங்கே போவார் என்று மட்டும் சொல்லவில்லை. பின்கட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் காலிக் கொக்கி என் கண்ணில் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் ட்ராக்குக்குப் போனேன். தகரக் கூரையின் கீழ் எங்கள் வண்டி. கணவர் ஸ்டார்ட் செய்தார். அண்ணன் மண்டியிட்டு, ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கண்களை மூடினார். ஹெல்மெட் பரிசோதனைக்கு யாரோ கூப்பிடவே, கணவர் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடினார்.

வண்டி ஓடவில்லை. அக்கம்பக்கத்து வண்டிகள்தான் உறுமிக்கொண்டிருந்தன. அண்ணன் கண் திறக்கவில்லை.

“உம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “உம்.” லேசாகச் சிரித்தார். “சுத்தம். வெண்ண மாதிரி ஓடுது.”

செத்துக் கிடக்கிற எஞ்சினுக்குள் அவரிடம் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

“அண்ணே.” அசையவில்லை. தோளைத் தொட்டேன். கண் திறந்து என் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார்.

“அண்ணே, வண்டி நின்னு போச்சு.”

எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

“எப்ப?”

“நீங்க உம் கொட்டும்போதே.”

ஸ்க்ரூடிரைவரை மடியில் வைத்துக்கொண்டார். “பொங்கலுக்கு முன்னாடியே காது மங்கிட்டு இருந்திச்சி. மொதல்ல சின்ன சத்தம்லாம் போச்சி. வெரலும் மரத்துப்போச்சி. முப்பது வருசமா எஞ்சின் மேல வெச்ச கையி.”

“யார்கிட்டயாவது சொல்லக்கூடாதா அண்ணே?”

“காதுன்னு பேரு வெச்சிகீறானுங்கோ. போய் இன்னான்னு சொல்றது?”

அப்போதுதான் நான் புதன்கிழமையைச் சொன்னேன். தும்மலைச் சொன்னேன். ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம், நான் சரியாகக் கேட்காமலும் இருந்திருக்கலாம் என்று இழுத்தேன். கை நீட்டி நிறுத்தினார்.

“தங்கச்சி, நீ கதவப் பூட்டிகினு மூணு தபா இழுத்துப் பாப்ப. காது கேட்ட காலத்துல அந்த சத்தத்த கேட்டுகீறேன். இத மட்டும் ஒரே தபா சொல்லு. ஒண்ணா, ரெண்டா?”

உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு” என்றேன். வாழ்க்கையில் நான் திருத்தாமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்பேனரை எடுத்தார். கணவர் திரும்பி வந்தபோது எஞ்சினின் ஹெட் கழன்று தரையில் இருந்தது.

“அண்ணே! அரை மணி நேரத்துல ரேஸு! என்ன பண்றீங்க?”

“தொறக்கறேன்.”

“ஏன்?”

“ஒன் பொஞ்சாதிக்கு சந்தேகம்.”

“அவளுக்குத் தினமும் சந்தேகம்தான் அண்ணே! நீங்க கேட்டீங்கதானே? உங்க காதுக்கு எப்படி...?”

“என் காது போயி மாசக்கணக்காவுது நைனா” என்றார் அண்ணன், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டே. “சும்மா இரு.”

சிலிண்டர் மேலே வந்தது. ஒரு பக்கத்து லாக் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. மறுபக்கத்து லாக்கின் ஒரு முனை உள்ளே, மறுமுனை வெளியே. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிலிண்டரின் சுவரில் தலைமுடி மாதிரி ஒரு கீறல் தொடங்கியிருந்தது.

கணவர் ரேஸ் உடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். வெளியே அவருடைய ரேஸ் அவர் இல்லாமல் தொடங்கியது. அண்ணன் அந்த லாக்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு இடையில் ஆயில் கறை. “நைனா, என் தப்பு” என்றார். கணவர் நகர்ந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை பின்கட்டில் எட்டிப் பார்த்தேன். கடைசிக் கொக்கியில் அந்த லாக் தொங்கியது. மேலே இருந்த என் கணவர் பெயரின்மேல் கறுப்பு பெயிண்ட் பூசியிருந்தது. காற்று அடித்தால் மற்றவையெல்லாம் மணியடிக்கும். விரல்நகம் அளவு கம்பி, அது மட்டும் சத்தமில்லாமல் ஆடும்.

இதைப் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று அவரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டிக் கேட்டேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அந்தத் தாளையும் இரண்டு முறை சரிபார்த்தேன். “எழுது, எழுது. இன்னா, என் காதுலயா வுழப் போவுது?” என்றார்.

இப்போதும் எஞ்சின்கள் வருகின்றன. லாக் போடும் நாளில் சுவரைத் தட்டுவார். மின்விசிறியை அணைத்துவிட்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் போய் நிற்பேன். அவர் அழுத்துவார், நான் விரலைக் காட்டுவேன். ஒன்று. மறுபக்கம் அழுத்துவார். இரண்டு. அதோடு விடமாட்டார், என் உதட்டைப் பார்த்து, “கேட்டுச்சா? நல்லா கேட்டுச்சா? இன்னொரு தபா சொல்லு” என்பார்.

உலகத்தில் இப்படி மூன்று முறை கேட்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.