குண்டுக் குதிரை மேடத்துக்கு

சத்தியமா சொல்றேன், கலிபோர்னியா பே ஏரியால வெள்ளைக்காரன் வேணாம்னு வாசல்ல வெச்சு வித்த சாமான்ல பாதி கேரேஜ் சேல் அண்ணா அபார்ட்மென்ட்லதான் இருந்துச்சு. ஊரே டாட்காம் ஸ்டாக் பாத்துட்டு திரிஞ்சப்போ, மனுஷன் சனிக்கிழமையானா பழைய டோஸ்டர் தேடி லிவர்மோர் வரைக்கும் டிரைவ் பண்ணுவாரு. பொள்ளாச்சிக்காரர். இங்கிலீஷ்லயும் மரியாதைய விடமாட்டாரு: "யெஸ்ஸுங் மேடம்!"

அந்த மேடம் எங்க மேனேஜர், தைவான்காரங்க. அண்ணாவோட கிரீன் கார்டு பேப்பர் கையெழுத்துக்காக அவங்க டேபிள்ல ரொம்ப நாளா தூங்குது. விசா முடிஞ்சா மனுஷன் பெட்டி கட்டணும்.

அப்பதான் கேரேஜ் சேல்ல ஒரு சைனீஸ் படம் சிக்குச்சு. நீளமா சுருட்டி வெச்ச பேப்பர். ஒரு பக்கம் கொழுகொழுன்னு ஒரு குதிரை, இன்னொரு பக்கம் எலும்பு துருத்திக்கிட்டு ஒண்ணு. கோயில்ல ஒரு ஆன்ட்டி, "குதிரைன்னா ப்ரமோஷன்"னு அடிச்சு விட்டாங்க. ஆதாரம்? அவங்க ஹஸ்பண்ட் ஒரு கம்பெனில டைரக்டர். போதாதா!

அண்ணா கத்திரிக்கோல் எடுத்து படத்த நடுவுல வெட்டிட்டாரு.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"நல்லா இருக்கறது மேடத்துக்கு, கையெழுத்து விழட்டும் கண்ணு. நோஞ்சான் நம்மளுக்குப் போதும்."

மறுநாள் காலைல ஃப்ரேம் போட்டு ஆபீஸ்ல மேடத்துகிட்ட நீட்டினாரு. மேடம் ரொம்ப நேரம் பாத்தாங்க. "வேர் இஸ் தி தின் ஹார்ஸ்?"

"தின் ஹார்ஸ் மீ மேடம். ஃபேட் ஹார்ஸ் யூ. வெரி வெரி ஃபேட்!"

மேடம் ரூம் கதவு சாத்திக்கிச்சு.

பக்கத்து தடுப்புல, அதான் க்யூப்ல, உக்காந்திருக்கற சைனீஸ் பையன்கிட்ட கேட்டேன். சிரிச்சு சிரிச்சு அவனுக்கு காபி மூக்குல ஏறிடுச்சு. குண்டுக் குதிரைன்னா ஜனங்க காச தின்னு கொழுத்த அதிகாரியாம். ஒல்லின்னா ஊருக்கு உழைச்சே தேஞ்ச நேர்மையான அதிகாரியாம். "அந்தக் காலத்துல படிச்சவங்க பெரிய ஆளுங்கள இப்படித்தான் திட்டுவாங்க"ன்னான். அண்ணாகிட்ட சொன்னேன். மனுஷன் வெளிறிட்டாரு.

சாயங்காலம் மேடம் அண்ணாவ கூப்பிட்டாங்க. நான் வாசல்ல நின்னேன். பேப்பர்ல கையெழுத்து! "கார்டு வந்தா நீ வேற கம்பெனிக்கு ஓடிடுவியோன்னுதான் அமுக்கி வெச்சேன். இவ்ளோ டீசன்டா என்ன யாரும் திட்டினதில்ல"ன்னு இங்கிலீஷ்ல சொன்னாங்க.

வாங்கிட்டு ஓடுய்யான்னு நான் கண்ண காட்டுறேன். அண்ணா பேப்பர டேபிள்ல திருப்பி வெக்கிறாரு!

"சாரிங் மேடம், நோ திட்டிங். மீனிங் ஐ டோன்ட் நோ. இன் மை ப்ளேஸ் ஃபேட் இஸ் குட்."

எனக்கு உசுரே போச்சு. மேடம் அவர பாத்தாங்க, பேப்பர பாத்தாங்க, அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, க்யூப்ல இருந்தவன்லாம் எந்திரிச்சு நின்னுட்டான். பேப்பர அவரு கைல திணிச்சு, "கோ!"ன்னாங்க.

கார்ல ஏறுனதும் கத்துனேன். "கையெழுத்தே போட்டாச்சு! எதுக்குண்ணா வாயத் தொறந்தீங்க?"

"அந்தம்மா மத்தியானம் சாப்பாட்டையே தொடல கண்ணு. நாம குண்டுன்னு சொல்லிட்டோம்னு நெனச்சுட்டாங்களோ என்னமோ... பாவம்."

விசா தொங்கிட்டு இருக்கறப்போ அடுத்தவங்க டிபன் பாக்ஸ பாத்துட்டு நிக்கிற மனுஷன அதுக்கு மேல எப்படிங்க திட்டுறது?