மில்க்கியின் கண்ணீர்க் கறை குறித்து மாமா எழுதிக்கொள்வது

திருக்காட்டுப்பள்ளி,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

அன்பும் அறிவும் நிறைந்த மருமகள் ஜூலியட்டுக்கு (அறிவு எங்கள் பக்கத்து ரத்தம்), உன் தாய்மாமன் மிக்கேல்ராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தை அருள்மேரியும் பம்புசெட்டும் சுகமாக இருக்கிறோம். பெங்களூரில் நீயும் உன் கம்ப்யூட்டரும் அவ்வண்ணமே இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் முக்கியமான கட்டத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு சிக்னல் போய்விடுகிறது.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து மில்க்கியைக் கூட்டிக்கொண்டு போவதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். வராதே. கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படி. ஆடி மாதம் நீ அந்த வெள்ளை மால்டீஸ் சாதி நாயை மடியில் வைத்துக்கொண்டு, "மூணு பார்லர்ல காட்டிட்டேன் மாமா, கண்ணுக்குக் கீழ இந்தச் செவப்புக் கோடு போவவே மாட்டேங்குது" என்று மூக்கை உறிஞ்சினாய். நான் மீன் குழம்பில் கை வைத்தபடியே, "விட்டுட்டுப் போ புள்ள, மூணு மாசத்துல முல்லைப்பூ மாதிரி ஆக்கித் தர்றேன். கறை போன அன்னிக்கு வந்து தூக்கிட்டுப் போ" என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கு வாக்குதான். கறை போன அன்றைக்கு. அதற்கு முன்னால் இல்லை.

முதல் வாரம் அது உன்னை நினைத்து அழுகிறது என்றுதான் எண்ணினேன். ஊரும் அப்படித்தான் எண்ணியது, ஆனால் பழியை என் தலையில் போட்டது. பக்கத்து வீட்டு அமிர்தலிங்கத்தின் சம்சாரம் மங்களாம்பிகை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏன் அருள்மேரி, அந்தச் சீவனுக்குச் சோறு கீறு போடுறீங்களா இல்லியா? கன்னமெல்லாம் வழிஞ்சு கெடக்கு" என்று கேட்டுவிட்டாள். நான்கு ஏக்கர் சம்பா போடுகிற வீட்டைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அன்றைக்கே நெஞ்செலும்புக் குழம்பு வைத்தோம். மில்க்கி இரண்டு தட்டுச் சாப்பிட்டது, சாப்பிடும்போதும் கண்ணீர் வடித்தது. காரமாக இருக்கலாம் என்று அத்தை சொன்னாள். எனக்குத்தான் காரணம் பிடிபட்டது. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான், ஒரு முறை படித்தவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். இது அழுகை இல்லை, அழுக்கு!

வெள்ளைத் துணியில் அழுக்கு என்றால் தஞ்சாவூர் ஜில்லாவில் என்னைத்தான் கேட்க வேண்டும். முப்பது வருஷமாக நடவு வயலுக்குள் வெள்ளை வேட்டியோடு இறங்கி வெள்ளை வேட்டியோடு ஏறுகிறவன். கலெக்டரே ஒருமுறை ஜீப்பை நிறுத்தி, என்ன சோப்பு என்று விசாரித்தார் (ஜீப் நின்றது நிஜம்). ஆகவே வேட்டிக்குச் செய்வதையே முறைப்படி செய்தேன். வாளித் தண்ணீரில் சொட்டு நீலம். வேட்டிக்கு நான்கு சொட்டு, நாய்க்கு ரோமம் அதிகம் என்பதால் பன்னிரண்டு. கண்ணை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கன்னத்துக்கு மட்டும்தான் தடவினேன். ஆனால் அது தலையை உதறியதில் முழு நாயும் வானத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. அத்தை, "என்னங்க இது, ஊதா நாய்க்குச் செவப்புக் கோடு போட்ட மாதிரி இருக்கு?" என்றாள். நீலம் காய்ந்தால் வெள்ளை, பொறு என்றேன். காய்ந்தது. நீலமாகவே காய்ந்தது. கஞ்சி போடாததுதான் குறை என்று தோன்றியது. வடித்த கஞ்சியை இளஞ்சூட்டில் தாடைக்குப் போட்டுக் களத்து வெயிலில் உட்கார வைத்தேன்.

கஞ்சி காய்ந்ததும் தாடி தென்னை ஈர்க்கு மாதிரி நின்றது, அதில் இரண்டு பருக்கையும் இருந்தன. இதை நம் வீட்டுக் கோழிகள் கவனித்துவிட்டன. ஒன்பது கோழிகள் (எங்கள் சேவல் ஒன்றே பதினொன்றுக்குச் சமம், ஆக இருபது) மில்க்கியைத் துரத்த, அது வாய்க்காலைத் தாண்டி அமிர்தலிங்கத்தின் நாற்றங்காலுக்குள் பாய்ந்தது. பின்னாலேயே நானும் எட்டடி வாய்க்காலை ஒரே தாவாகத் தாவினேன். நான்கடிதான், அதிலும் நடுவில்தான் விழுந்தேன் என்று அவர் சொல்லித் திரிகிறார். அவர் வரப்பு வெட்டும்போதே அளவு சரியாக இருக்காது என்பது ஊரறிந்த விஷயம்.

"யோவ் மிக்கேலு! நாத்தங்கால்ல நீலமா என்னய்யா ஓடுது?"

"மால்டீஸ்!"

"என்ன எழவோ, புடிய்யா அத! வெத விட்டு இருவது நாளுய்யா!"

பிடித்தேன். அப்போது அது நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, நல்ல வண்டல் கறுப்பு. அன்றைக்கு உனக்கு அனுப்பிய போட்டோவில் கறையே தெரியவில்லை என்று நீ சந்தோஷப்பட்டது இதனால்தான். அமிர்தலிங்கத்துக்கு நம் நாற்றில் ஆறு கட்டு கொடுத்துச் சமாதானம் ஆயிற்று. இப்போது பேசுகிறார், சிரித்துக்கொண்டே பேசுவதுதான் பிடிக்கவில்லை.

அதன் பிறகு அத்தையின் தொல்லை தாங்காமல் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். எனக்கு முன்னால் பதினோரு மாடு, ஒரு ஆட்டு மந்தை. டாக்டர் ஷமீரா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், அவ்வளவு பொறுமை. சேறு போயும் நீலம் போகாத மில்க்கியை மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருங்க இதுக்கு நீலம் போட்டது?"

"பெங்களூர்லேர்ந்து மருமவ கொண்டாந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு, டாக்டரம்மா."

"அந்த அம்மாவ நான் ஒருதரம் பாக்கணும்."

(நீ இந்தப் பக்கம் வந்தால் ஆஸ்பத்திரித் தெரு வழியாகப் போகாதே.)

பிறகு விளக்கினாள். இது அழுகையும் இல்லையாம், அழுக்கும் இல்லையாம். மூக்கோரத்து முடி வளர்ந்து கண்ணுக்குள் குத்துகிறது, கண்ணீர் வழிகிறது, கண்ணீரில் இயல்பாகவே இருக்கிற ஒரு சத்து வெள்ளை முடியில் ஊறிச் சிவப்பாகிறது. "முடிய வெட்டி விட்டுட்டேன். ஆற வெச்ச வெந்நீர்ல பஞ்ச நனைச்சு காலைல சாயந்தரம் மெதுவா தொடைங்க. ஈரம் நிக்காம ஒத்தி எடுங்க. செவந்த முடி வெள்ளையாவாது, புதுசாத்தான் வளரணும். நாளாவும். கண்ணு கிட்ட வேற எதையும் கொண்டு போவாதீங்க, கும்புட்டுக் கேட்டுக்கறேன்" என்றாள். நான் வேட்டி முறையை விவரித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்லீங்க" என்றாள். படித்தவர்கள் வாயால் இப்படிக் கேட்பது எனக்குப் புதிதல்ல.

அன்று முதல் துடைக்கிறேன். காலை ஆறரை, மாலை ஆறரை. முதலில் கடித்தது. பிறகு முறைத்தது. இப்போது ஆறு இருபதுக்கே வந்து என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. தாடையை என் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். துடைத்து முடித்தாலும் தாடையை எடுப்பதில்லை, நானும் கையை எடுப்பதில்லை, கை மரத்துவிடும். இதனால் எனக்கு அதன்மேல் ஆசை என்று நினைத்துவிடாதே. நான் வயலைப் பார்க்கிறவன், எனக்கு நாய் எதற்கு? கடமை.

அந்தக் கடமைதான் முடியவில்லை. நேற்று அனுப்பிய போட்டோவில் நீயே பார்த்தாய், இரண்டு கன்னத்திலும் செம்மண் ரோடு போட்டதுபோல் கோடு இருக்கிறது. கிறிஸ்துமஸ் தாண்டி, சம்பா அறுப்பும் தாண்டித்தான் போகும் என்று டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டை வெளியே வரும்போது ஒரு ஆடு தின்றுவிட்டது. நடுவில் இடம் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டிலேயே ஓய்வெடு.

உன் சம்பளம் உயர, மேனேஜர் அடங்க, நல்ல இடத்தில் வரன் அமைய நாங்கள் சொல்லும் செபமாலையில் உனக்கென்று ஒரு பத்து மணி தனியாக உண்டு. பஸ்ஸில் வெளியே கை நீட்டாதே.

இப்படிக்கு,
உன் அம்மாவின் ஒரே அண்ணன்,
மிக்கேல்ராஜ்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மில்க்கி மடியில் ஏறி, சலவை வேட்டியில் முகத்தைத் தேய்த்துவிட்டது. வேட்டியில் பழுப்புக் கோடு, அதன் முகத்தில் ஒன்றுமில்லை. அத்தை வேட்டியை மோந்து பார்த்துவிட்டு, "காப்பித் தண்ணியா?" என்றாள். பிறகு, "நீங்களே எழுதிடுங்க. இல்லன்னா நான் போன் போட்டுப் புள்ளகிட்டச் சொல்லிடுவேன்" என்றாள். எழுதுகிறேன். கறை போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நீ வீடியோவில் கூப்பிடும்போதும் நான் போட்டோ அனுப்பும்போதும் எல்லாம் ஆறின டிகாஷனை விரலில் தொட்டு, கண்ணுக்கு நன்றாகத் தள்ளி, கன்னத்தில் இழுத்தது நான்தான். முகம் முல்லைப்பூ மாதிரி இருக்கிறது, நான் சொன்னதில் அது ஒன்று நிஜம். ஞாயிற்றுக்கிழமை வா. ஆனால் கிளம்புமுன் போன் பண்ணாதே. பண்ணினால் டிகாஷன் இறக்க எனக்கு நேரம் கிடைத்துவிடும்.