விரிசல் அண்ணன் பார்த்த வீடு

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து, புதுமனை புகுவிழாவுக்கு யாருமே கூப்பிடாத ஒரே மனிதர் விரிசல் அண்ணன்தான். தப்பித்தவறிக் கூப்பிட்டுவிட்டால், ஐயர் ஹோமம் வளர்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் சுவரோரம் குத்தவைத்து, விரிசலுக்குள் பஸ் டிக்கெட்டைச் செருகிப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டார். "நுழையுதுங்க!" என்று பந்திவரை கேட்கிற மாதிரி அறிவிப்பார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் விற்பது அவர் வேலை. யாராவது விரிசலை அடைக்கப் பட்டி மாவு கேட்டால், "எதுக்குங்க தண்டச்செலவு? சித்திரைல திரும்பப் பொளந்துக்கும்" என்பார். முதலாளி அவரை ஏன் வேலைக்கு வைத்திருந்தார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

நான் அப்போது செல்போன் வீடியோ பார்த்தே ரியல் எஸ்டேட் மேதை ஆகியிருந்தேன். பழைய வீட்டை வாங்கு, பெயிண்ட் அடி, வாடகைக்கு விடு, தூங்கிக்கொண்டே சம்பாதி! எனக்கு நகை எடுக்க வைத்திருந்த பணத்தை மூன்று மாதம் சண்டை போட்டு அம்மாவிடமிருந்து பிடுங்கினேன். "ஊத்திக்கிச்சுன்னா வெறுங்கழுத்தோடதான்டி மணமேடை ஏறணும்" என்று ஆசீர்வதித்தார் அம்மா.

வீடு பார்க்கத் துணைக்குக் கூப்பிட, பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி அண்ணனிடம் போனேன். பாடம் உடனே ஆரம்பித்தது.

"செவுத்துல முடி நுழைஞ்சா வாங்கு பாப்பா. பஸ் டிக்கெட்டு நுழைஞ்சா பேரம் பேசு. ஒத்த ரூவா காசு நுழைஞ்சா ஓடிப்போயிரு."

அடுத்தது டீக்கடைப் பாடம். வீட்டைப் பார்க்கும் முன் தெருவிலுள்ள டீக்கடைக்குப் போக வேண்டுமாம். "மாஸ்டர், இங்க வாடகைக்கு வூடு கிடைக்குமா?" என்றார். மாஸ்டர் யோசிக்காமல் நாலு வீட்டைக் காட்டினார். "டீயக் குடி, கெளம்பு. நீ வாங்குனா காலியா கெடக்குற அஞ்சாவது வூடு" என்றார் அண்ணன் என்னிடம். நாலாவது தெரு மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இங்கயா? சிமெண்டு ஃபேக்டரி ஆளுங்க க்யூவுல நிக்கிறாங்க!" அண்ணன் கண்ணடித்தார். "இந்தத் தெருதான்." நாலு தெரு, நாலு டீ, அவருக்கு மட்டும் எட்டு வடை. எல்லாம் என் முதலீடு.

அந்தத் தெருவில் ஒரு வீடு. புது ரோஸ் பெயிண்ட், ஒரு கீறல் இல்லை. நான் மயங்கிவிட்டேன். மாதமோ கார்த்திகை.

"இது கரிசல் மண்ணு. மழைல தண்ணி குடிச்சு ஊதிக்கும், விரிசல் மூடிக்கும். வெயில்ல சுருங்குனா வாயத் தொறக்கும். சித்திரைல வந்து பாப்போம்."

"அதுக்குள்ள வித்துருவாங்களேண்ணே!"

"விக்கட்டும். நீ பொண்ணு பாக்க வந்தியா, மேக்கப்பு பாக்க வந்தியா?"

அவரிடம் சொல்லாமலே அட்வான்ஸ் கொடுக்கப் போனேன். எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, நான் பையைத் திறக்கும் நேரத்தில் வந்து நின்றார். வணக்கம்கூடச் சொல்லாமல், இடுப்பிலிருந்து பிளேடை எடுத்து ரோஸ் சுவரைச் சரக்கென்று சுரண்டினார். உள்ளே வெள்ளைவெள்ளையாகப் பட்டிக் கோடுகள், மேலிருந்து கீழ்வரை.

வீட்டுக்காரர் அலறினார். "யோவ்! யாருய்யா நீ?"

"பெயிண்டு விக்கிறவன்ங்க. இந்தப் பட்டிகூட எங்க கடையிலதான் வாங்குனீங்க. அஞ்சு மூட்டை."

"வெளிய போங்க ரெண்டு பேரும்! உங்களுக்கு வூடும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!"

பெரம்பலூர் பஸ் வரும்வரை அண்ணனைத் திட்டித் தீர்த்தேன். என் எதிர்காலத்தைச் சுரண்டிவிட்டார் என்றேன். அவர் பாட்டுக்குக் கடலை தின்றுகொண்டிருந்தார்.

மறுவாரமே அந்த வீட்டை வேறொருவர் வாங்கினார். சித்திரையில் அந்தப் பக்கம் போனேன். ரோட்டில் நின்றபடியே, சுவர் வழியாக, உள்ளே டிவியில் என்ன சீரியல் ஓடுகிறது என்று சொல்லலாம். வாங்கியவர் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். என் பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது. ஒரு கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு அண்ணன் கடைக்கு நடந்தேன்.

வைகாசியில், அண்ணன் காட்டிய, சுவரில் முடி மட்டும் நுழைகிற ஒரு அழுமூஞ்சி வீட்டை வாங்கினேன். "மார்பிள் வேணாம், ஷோகேஸ் வேணாம். ஒழுகுறத அடை, வயரை மாத்து, கக்கூஸ ஒழுங்காக் கட்டு" என்றார். கட்டினேன். முதல் ஆளாகப் பெட்டியோடு குடிவந்தது யார் என்கிறீர்கள்? அவரேதான்.

அன்றிலிருந்து வாரம் ஒரு போன். "ஓனரம்மா, தாழ்ப்பாள் ஆடுது." "ஓனரம்மா, பல்லி வருது." "காலி பண்ணச் சொல்லுடி" என்கிறார் அம்மா. சொல்லிவிடலாம்தான். ஆனால் ஏதாவது ஒரு வாரம் போன் வராவிட்டால், மனுஷனுக்கு உடம்புக்கு முடியலையோ என்று நான்தான் பஸ் பிடித்து ஓடுகிறேன்.