இடம் மாறிய எழுத்துகள்

வீட்டுக் கம்ப்யூட்டரை என் மனைவி பாசிலா தொடவே முடியாதபடி செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வீராவேசமாக எடுத்த முடிவு. அவள் காதில் விழாமல் எடுத்தேன்.

காரணம் ஒரு மெமோ. அன்னவாசல் ரைஸ்மில் ஆபீஸில் வேலை நேரத்தில் கம்ப்யூட்டரில் கேரம் ஆடினேனாம். ஆடினேன்தான். அங்கே டைப் அடிக்கிற ஒரே ஆள் நான், அதுவும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. என் மெமோவை என்னையே அடிக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, முதலாளி வெளியே கொடுத்து அடித்து வாங்கியிருந்தார். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது.

வீட்டிலோ பாசிலா ஜெராக்ஸ் கடைக்கு டைப் அடித்துக் கொடுக்கிறாள். சாயங்காலம் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. மெமோ விஷயம் அவளுக்குத் தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

புதுக்கோட்டையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டும் கோபிநாத், இப்போது லேசர் மெஷினில் கீபோர்டுக்கும் எழுத்துப் பொறிக்கிறான். எழுத்தே இல்லாத கீபோர்டு ஒன்றை எடுத்தான்.

"எப்படிண்ணே போடணும்?"

"எல்லா எழுத்தையும் இடம் மாத்திப் போடு."

"யாராலயும் அடிக்க முடியாதேண்ணே!"

"அதுதாம்ப்பா வேணும். மேல 'பாசிலா'ன்னு அழகா ஒரு பேரு போட்டுரு. சந்தேகம் வராது."

நான் அடிக்கத் தேவைப்படும் என்று, வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய கீபோர்டின் சரியான வரிசையை ஃபோனில் படமெடுத்துக்கொண்டு, அதை அவனிடமே தள்ளிவிட்டு வந்தேன். கல்யாண நாள் பரிசு என்று புதியதை நீட்டினேன். பாசிலா உட்கார்ந்தாள். படபடவென்று அடித்தாள். எட்டிப் பார்த்தேன், திரையில் ஒரு பிழைகூட இல்லை.

"எழுத்தெல்லாம்... சரியா இருக்கா?"

"எழுத்த எங்கங்க பாத்தேன்? டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் நானு. கீயக் குனிஞ்சு பாத்தா மாஸ்டர் ஸ்கேலால போடுவாரு."

"சொல்லவே இல்ல?"

"பதினோரு வருசமா நீங்க கேக்கவே இல்லையே."

ஏழாம் நாள் அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்து உட்கார்ந்தேன். ஃபோனைப் பார்த்தேன். கீபோர்டைப் பார்த்தேன். 'ஐயா' என்று அடிக்க அரைமணி நேரம் ஆனது. அதிலும் 'ஐ' வரவில்லை. நிமிர்ந்தால் பின்னால் பாசிலா நிற்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாசிலா... ஆபீஸ்ல ஒரு மெமோ..."

"கேரம் ஆடுனதுக்குத்தானே?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒங்க முதலாளி ஜெராக்ஸ் கடையிலதான் குடுத்தாரு. மெமோவ அடிச்சதே நாந்தான்."

மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள். என் விளக்கம். அன்றைக்கே அடித்து வைத்திருக்கிறாள். 'இனி கேரம் ஆட மாட்டேன், வீட்டிலும்' என்று முடிந்திருந்தது.

"கையெழுத்த மட்டும் நீங்களே போட்டுருங்க. அதுக்குக் கீபோர்டு வேணாம்."