எதிர்ப்பாறையில் ஆடுகிறவர்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் எங்கள் மகள் பாப்பாவும் உடம்பில் தெம்பும் வேலையில் நல்ல பெயருமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். இங்கே நான் சௌக்கியம். உங்கள் அத்தையும் சௌக்கியமாகத்தான் தெரிகிறாள். அந்தத் 'தெரிகிறாள்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பெரிய கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், பாப்பா கேட்டால் அழுது தீர்த்துவிடுவாள். விடுதியின் கார் ஓட்டுநர் உங்கள் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

நான் ஓய்வு பெற்றதற்குப் பரிசாக இந்தக் கடலோர விடுதியில் ஒரு வாரமும், கூடவே கோல்ஃப் விளையாட்டும் ஏற்பாடு செய்து கொடுத்தீர்கள். பெரிய மனசு. குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் மாப்பிள்ளை, நான் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவன், நாலு பக்கமும் சுவர் இருந்தால்தான் எனக்கு நிதானமே வரும். இங்கேயோ சுவர் என்ற பேச்சே கிடையாது, அறையில்கூடக் கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி, காலையில் கண் விழித்தால் கட்டிலோடு தண்ணீரில் இறங்குகிற மாதிரி இருக்கிறது. மைதானம் இன்னும் மோசம். பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் புல் போய்க்கொண்டே இருக்கிறது, பாறை விளிம்பு வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துவிடுகிறது, கீழே கடல். படம் எடுக்க அவ்வளவு அழகு. பயிற்சியாளர் முழங்காலை மடக்கு, தலையை ஆட்டாதே, பந்தையே பார், மூச்சை விடு என்றார்; நான் எல்லாவற்றையும் செய்தேன், பந்தை அடிப்பதைத் தவிர. தரையில் நான் பெயர்த்த பள்ளங்களைப் பார்த்து, "புல்லு உங்களை என்ன சார் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனவர் பிறகு என் கண்ணிலேயே படவில்லை.

அதனால் இன்று காலை பனிமூட்டமாக இருந்ததும், சிரிக்க ஆள் இருக்காது என்று நான்தான் உங்கள் அத்தையைக் கிளப்பிக்கொண்டு போனேன். அங்கே ஓரிடத்தில் கடல் உள்ளே நுழைந்து பாறையைப் பிளந்திருக்கிறது. எதிரே, பனிக்குள் மங்கலாக ஒரு கொடி தெரிந்தது. சரி, அதை நோக்கித்தான் அடிக்க வேண்டும்போல என்று அடித்தேன். என்ன ஆச்சரியம், பந்து பறந்தது! பனிக்குள் போனது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். போன பந்து அதே வழியில் திரும்பி வந்து, உருண்டு, என் ஷூவில் முட்டி நின்றது.

"யாரோ திருப்பி அடிக்கிறாங்க. உங்ககிட்ட வேற பந்து இல்லேன்னு நெனச்சுட்டாங்க போல," என்றாள் உங்கள் அத்தை.

மறுபடி அடித்தேன், மறுபடி வந்தது. அடுத்த முறை என் கை நழுவிப் பந்து விளிம்பைக்கூடத் தாண்டாமல் கடலில் விழுந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதுவும் வந்தது, மாப்பிள்ளை! குனிந்து எடுத்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. யாரோ வெகுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து கொடுத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. போகலாம் வா என்றேன். உங்கள் அத்தையைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பல் பிடுங்கப் போன இடத்தில்கூட நாலு சிநேகிதம் பிடித்து வருகிறவள். "இத்தனை தடவை எடுத்துக் குடுத்திருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லாம போறதா? இருங்க, வந்துடறேன்" என்று பனிக்குள் நடந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு கேட்டது. "ஆமாங்க... இல்லீங்க, ரெண்டு பேருதான்... ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு..." என்று பேசுகிறாள், நடுநடுவே நிறுத்துகிறாள், சிரிக்கிறாள். எதிராளி குரல் மட்டும் இல்லை. அதையும் பொறுத்துக்கொள்வேன், அவள் குரல் வந்த திசைதான் சரியில்லை. நேர் எதிரே, பிளவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. நான் நாலு காலில் தவழ்ந்து விளிம்புவரை போய்க் கையை நீட்டினேன். தரை இல்லை. லிஃப்ட் வந்து நிற்காத தளத்தில் கதவைத் திறந்தால் கீழேயிருந்து ஒரு குளிர்காற்று முகத்தில் அடிக்கும். நாங்கள் அதற்குத்தான் பயப்படுவோம். அதே காற்று. கடலையும் மிஞ்சுகிற மாதிரி அவளைக் கூப்பிட்டு அலறினேன்.

"ஏன் இப்படிக் கத்தறீங்க?" என்றாள், என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"எங்கடி போனே?"

"கொடிகிட்டதான். பாவம், தனியாவே ஆடிட்டிருக்காரு. அடிக்கறப்ப உங்களுக்கு இடுப்பே திரும்பலையாம், சொல்லச் சொன்னாரு."

"அங்க எப்படிப் போனே?"

"நடந்துதான். பறந்தா போவேன்?"

அதற்குள் பனி விலகியது. எதிரே கொடியும் இல்லை, தரையும் இல்லை, வெறும் தண்ணீர். புல்வெட்டும் வண்டியில் வந்தவரை நிறுத்திக் கேட்டேன். "அந்தப் பக்கமா? அது பாறையோட சரிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு சார். அப்ப அங்க ஒருத்தர் ஆடிட்டிருந்தாரு. எல்லாரும் ஓடி வந்துட்டாங்க, அவரு மட்டும் இன்னும் ஒரே ஒரு அடிதான்னு நின்னுட்டாராம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். நான் உங்கள் அத்தையைப் பார்த்தேன். பயப்படுவாள், மயங்குவாள் என்று தாங்கிப் பிடிக்கக் கையைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவளோ, "ஓ, அதான் அவரு சட்டையெல்லாம் ஈரமா இருந்துச்சா?" என்றாள்.

அறைக்கு வந்ததிலிருந்து கடல் பக்கத்துக் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வப்போது தலையை ஆட்டுகிறாள். சற்றுமுன் தேநீர் ஊற்றினாள், மூன்று கோப்பை. யாருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே மாப்பிள்ளை, இதைப் படித்த கையோடு காரை எடுத்துக்கொண்டு வந்து எங்களை அழைத்துப் போய்விடுங்கள். மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று பாப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம். நான் காவலுக்கு அறைக்கதவில் சாய்ந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் குடும்பம் எல்லா நன்மையும் பெற்று நீடூழி வாழ வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் மறுபடி பனி இறங்கியது; உங்கள் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். போய் வந்துவிட்டோம். மனிதர் தங்கமான மனிதர், நான்தான் அநாவசியமாகப் பயந்து தொலைத்தேன். அங்கே தரை நல்ல கெட்டியாகவே இருக்கிறது. நாலு பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் களைகட்டுமாம். நாங்கள் மூன்று பேர்தான் இருக்கிறோம் என்று வருத்தப்பட்டார். உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். காரை விடுதி வாசலிலேயே விட்டுவிட்டு, பனி இறங்கியதும் கொடியைப் பார்த்து நேராக நடந்து வாருங்கள். கீழே மட்டும் பார்க்க வேண்டாம். நாங்களும் பார்க்கவில்லை.