பிரேக்குக்குக் காற்று எடுப்பவர்

வீட்டு மெக்கானிக் என்றோர் இனம் உண்டு. பட்டறை வைத்திருப்பவர் அல்லர். பட்டறைக்காரர்கள் எல்லோரும் நம்மை ஏய்க்கிறார்கள் என்று நம்புகிறவர். நான்கு வீடியோ பார்ப்பார், அதில் இரண்டு இந்தி, ஒன்றில் சத்தமே வராது. பார்த்து முடித்ததும் கைலியை மடித்துக் கட்டுவார். அவ்வளவுதான், அந்த வண்டி தொலைந்தது.

பெரியபட்டினம் காஜா நவாஸ் இந்த இனத்தில் முதல் தரம். துபாய்த் துணிக்கடையில் பதினேழு வருடம் சட்டை மடித்துவிட்டு வந்தவருக்கு மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் எம்மாத்திரம்? வியாழன் முழுக்கக் கழற்றினார், துடைத்தார், புது ரப்பர் போட்டார், புது ஆயில் ஊற்றினார், பூட்டினார். வெள்ளிக் காலை லீவரை அமுக்கினால், ஊறிய பஞ்சுபோல் கைப்பிடிவரை போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே காற்று.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள் எப்போதும் மனைவிதான். உம்மு ஹபீபா பட்டுச்சேலையில் தயாராக நின்றாள். மூன்றரை மணிக்கு மண்டபம் ஊரில், தங்கை வீட்டில், தங்கை மகளின் கல்யாணப் பேச்சு. அவள் இல்லாவிட்டால், மாப்பிள்ளையின் உம்மா கேட்பதற்கெல்லாம் தங்கை தலையாட்டிவிடுவாள்.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சுக்க!" சக்கரத்தடியில் குந்தியிருந்தவர் பிரேக்கில் காற்று விடும் திருகைத் திறந்தார். அதில் மாட்டிய குழாயில் குமிழி வந்தது. "விடு!" விட்டாள். அதற்குப் பிறகு, நிதானமாக, திருகை மூடினார்.

மூன்றாம் தடவையே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. "மச்சான், நான் விட்ட பொறகுல மூடுறீக. போன காத்து அந்த வழியாவே உள்ள வருதே."

"வீடியோ பாத்தது நீயா, நானா? சொன்னதை மட்டும் செய்யி."

செய்தாள். நாற்பது தடவை. ஆயில் சரியில்லை என்றார், கடற்காற்று என்றார், கடைசியில் அவள் கையில் வலுவில்லை என்றார். தங்கை போன் போட்டாள்: "ராத்தா, கெளம்பிட்டியளா?"

"கெளம்பத்தான் அமுக்கிக்கிட்டு இருக்கேன்!"

ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். காஜா நவாஸ் கை கழுவினார். "வார வரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஆயில் அடங்கட்டும்."

அவர் தெருமுனை திரும்பியதும் ஹபீபா பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ காலிதா, இங்கன வந்து இதை அமுக்கிப் பிடி. 'மூடிட்டேன்'னு நான் சொல்ற வரைக்கும் விட்டுறாத."

ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு தடவை. குமிழி நின்றது. லீவர் கல்லாக இறுகியது. சந்தில் தள்ளிப்போய்ப் பிடித்துப் பார்த்தாள். வண்டி நின்ற வேகத்தில் காலிதாவின் சேவல் உயிர் பிழைத்தது.

தொழுதுவிட்டு வந்தவர் லீவரை அமுக்கினார். கல். அவர் முகத்தில் ஆச்சரியம் ஒரே நொடி இருந்தது.

"பாத்தியா? அடங்கட்டும்னு சொன்னேன்ல?"

ஹபீபா வாயைத் திறந்தாள். மணியைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அஸர் தொழுகை நேரமே தாண்டிவிடும்.

"ஆமா மச்சான். நல்லா அடங்கிருச்சு." ஏறி உட்கார்ந்தாள்.

தங்கை வீட்டுக்குள்ளே அவள் மாப்பிள்ளை உம்மாவின் பட்டியலைப் பாதியாக நறுக்கினாள். வாசலில் அவர் மாப்பிள்ளையின் மாமன்மாரைச் சுற்றி உட்காரவைத்து, ஆயிலை அடங்கவிடும் முறையை விளக்கினார்.

உங்களுக்கு உங்கள் மச்சானோ அடுத்த வீட்டுக்காரரோ நினைவுக்கு வந்திருப்பார். சிரியுங்கள். சிரித்து முடித்ததும், நீங்கள் பிரித்துப் போட்டு, பிறகு தானாகவே சரியான மிக்சியை, தண்ணீர் மோட்டாரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "ஆமா, தானாத்தான் சரியாச்சு" என்று பதில் உடனே வந்தால், மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.