கெடா நட்சத்திரம்

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதன் பிறகு சொல்லிக்கொள்ளும்படி நடந்த ஒரே காரியம், கெடா மாநிலத்துப் பாக்கார் ஆராங் விக்னேஸ்வரன் ‘ஸ்ரீ மூடா புற்றுநோய் மைய’த்தின் சாமான் அறையில் பழைய வட்டுகளைக் கண்டதுதான். நம்பாதவர்கள் அவர் வாசலில் காரை, அவர் பாஷையில் காடியை, கழுவும் நேரமாகப் பார்த்துப் போய்க் கேட்கலாம். குழாயை மூடிவிட்டு முழுக்கச் சொல்வார். மூடாமலும் சொல்வார்.

சாதாரணக் கணினி வட்டுகள் அல்ல. அந்த மையத்தில் கதிர் சிகிச்சை பெற்றவர்களின் படங்கள், உடம்பில் எந்த இடத்தில் எவ்வளவு கதிர் பாய்ச்சினார்கள் என்ற விவரங்கள், எல்லாம் அவற்றில் உறங்கிக்கொண்டிருந்தன. புது மெஷின் வந்தபோது பழைய மெஷினின் பாஷை அதற்குப் புரியவில்லை. ஆகவே வட்டுகளைப் பெட்டியில் போட்டு, பெட்டிமேல் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தைப் படுக்க வைத்துவிட்டார்கள். கூலிம் ஹைடெக் பூங்காவில் சில்லு சோதித்துக்கொண்டிருந்த விக்னேஸ்வரன் மையத்துக்கு மாறி, ‘தரவு மீட்பு ஒருங்கிணைப்பாளர்’ ஆன பிறகுதான் மரம் நகர்ந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அந்தத் தரவுகளைக் கேட்டிருந்தது. ஆராய்ச்சிக்காம். வெளிநாட்டார் கேட்டால் நம் சாமான் அறையும் புதையல் அறையாகிவிடுகிறது.

உள்ளூரிலும் ஒருவர் கேட்டார். அடுத்த வீட்டு மருதம்மாள்.

மருதம்மாள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். முன்பு அதே மையத்தில்தான் இடது மார்பில் கதிர் வைத்துக்கொண்டார். இப்போது நோய் திரும்பி வந்து தோள்பட்டையில் உட்கார்ந்திருக்கிறது. பினாங்கு டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: பழைய கதிர் எங்கே, எவ்வளவு விழுந்தது என்று தெரிந்தால்தான் மறுபடி வைக்க முடியும். தெரியாமல் அதே இடத்தில் வைத்தால் கை நரம்பு செத்துவிடும். பழைய படம் வரும்வரை வலி மாத்திரைதான்.

“தம்பி, பசியாறிட்டியா? அந்த என்னோட படம்…” என்று வேலிப் பக்கம் வந்து நிற்பார்.

“அவசரப்படாதீங்கலா அக்கா. எல்லாத்தையும் வெளிய எடுத்துக்கிட்டு இருக்கோம். முடியட்டும், புது கம்ப்யூட்டர்ல ஜம்முனு வந்து உக்காரும்.”

“என் பேர்ல வருமா?”

“உலகத் தரத்துல வரும்கா.”

“உலகத் தரமெல்லாம் இருக்கட்டும் அண்ணே, எங்கம்மா பேரு இருக்குமா?” என்று மோட்டோர் சைக்கிளை உதைத்துக்கொண்டே கேட்டாள் மகள் லோகேஸ்வரி. பாக்டரிக்குப் போகிற பெண். கேள்வியைக் குறைத்துக் கேட்கத் தெரியாது.

உலகத் தரம் என்றால் என்னவென்று பிறகுதான் தெரிந்தது. ஆராய்ச்சிக்குப் போகும் தரவில் நோயாளியின் பெயர் இருக்கக் கூடாது. அது நியாயம். பெயருக்குப் பதில் ஒரு குறியெண் வைப்பார்கள். எந்தக் குறியெண் யாருடையது என்ற விவரத்தை மருத்துவமனை பூட்டி வைத்துக்கொள்ளும். எங்கும் இதுதான் வழக்கம். விக்னேஸ்வரனின் குழு ஒரு படி மேலே யோசித்தது. பூட்டி வைத்தால் யாராவது திறந்துவிடுவார்கள் அல்லவா? ஆகவே அந்த விவரத்தையே அழித்துவிடுவது, அசல் வட்டுகளையும் உடைத்துவிடுவது, அதையும் விழாவாகச் செய்வது என்று ‘ஏகமனதாக’ முடிவாயிற்று. தட்டிலிருந்த கறிபாப் தீர்வதற்குள் முடிவாயிற்று.

அதற்கு முன் ஒரு சடங்கு மிச்சமிருந்தது. சிகிச்சை பெற்றவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று போன் அடித்து விசாரிக்க வேண்டும். எல்லாரும் கிடைத்தார்கள். கோத்தா கோலா மூடாவில் நடுக்கடலில் படகிலிருந்தவர்கூடக் கிடைத்தார். காலமானவர்கள் வீட்டிலும் யாராவது எடுத்து விவரம் சொன்னார்கள். ஒரே ஒரு எண் மட்டும் ‘சேவையில் இல்லை’ என்றது. அது ஒரு தோட்டத்து ஆபீஸ் எண். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எங்கே போய் நம்பர் கேட்டாலும் ஆபீஸ் நம்பரைத்தான் கொடுப்பார்கள். கணக்கெழுதும் கிராணி எடுத்து ஆள் அனுப்புவார். இப்போது அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதி, ஆபீஸ் இருந்த இடத்தில் டுரியான் கடை. ஆகவே அந்த ஒருவருக்குத் ‘தொடர்பு அற்றவர்’ என்று முத்திரை விழுந்தது. விக்னேஸ்வரனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நூறு விழுக்காடு போயிற்றே! அதற்கென்று வைத்திருந்த கேடயமும் போயிற்றே!

விழா நாளும் வந்தது. டேவான் மண்டப வாசலில் கொம்பாங் மேளம் முழங்கியது. சிறப்பு விருந்தினராக வந்த டத்தோ தங்க முலாம் பூசிய கத்தரிக்கோலால் ரிப்பனுக்குப் பதில் முதல் வட்டை வெட்டினார். வெட்டுப்படவில்லை. காவலாளி முழங்காலில் வைத்து உடைத்துக் கொடுத்தார். டத்தோ அதை வாங்கி உயர்த்திக் காட்டினார். ‘சமூகப் பங்கேற்பு’ வேண்டும் என்பதால் பாக்கார் ஆராங்கிலிருந்து வேனில் ஆள் ஏற்றி வந்திருந்தார்கள். ஆளுக்கொரு டீ சட்டை, ஒரு பிரியாணிப் பொட்டலம். மருதம்மாளும் மகளோடு வந்திருந்தார். எல்லாம் முடிந்துவிட்டதாம், கையோடு படத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்ற நினைப்பு.

விக்னேஸ்வரன் கோட்டுப் போட்டு மேடை ஏறினார். திரையில் ஒரு படம் விழுந்தது. ஒரு நெஞ்சின் குறுக்குவெட்டு. அதைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையங்கள். தோள் பக்கம் பளீரென்று ஒரு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் கீற்றுகள்.

“இதற்கு நாங்கள் ‘கெடா நட்சத்திரம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறோம். பழைய இயந்திரங்களில் மட்டுமே தோன்றக்கூடிய அபூர்வ நிகழ்வு. இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறோம். வெளிநாட்டு மாநாட்டில் வாசிக்கப் போகிறோம்.”

கைதட்டல். அது அடங்குவதற்குள் பின்வரிசையில் ஒரு டீ சட்டை எழுந்தது.

“தம்பி, அது நட்சத்திரம் இல்லலா. எம் புருஷன் சுட்ட குண்டு.”

டேவான் திரும்பிப் பார்த்தது. மருதம்மாள் கழுத்துப் பக்கம் சட்டையை விலக்கித் தழும்பைத் தொட்டுக் காட்டினார்.

“காட்டுப்பன்னி சுடப் போனாரு எங்க முனியாண்டி. விடியாத நேரம். நான் மரத்துக்குப் பின்னால குனிஞ்சி நின்னேன். குண்டு உள்ளயே இருக்கட்டும்னு டாக்டர் விட்டுட்டாரு. கதிர் வச்ச புள்ளைங்ககூடக் கேட்டுக் கேட்டுச் சிரிக்குங்க.”

டத்தோ சிரித்தார். டத்தோ சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். விக்னேஸ்வரனின் வாய் மட்டும் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் நின்றுவிட்டது.

“என் படந்தானே அது? பினாங்கு டாக்டருக்கு அனுப்பிருலா தம்பி. வேற ஒண்ணும் வேணாம்.”

மறுநாள் அவசரக் கூட்டம்.

“நோயாளியின் அடையாளம் பொதுவில் அம்பலமாகிவிட்டது,” என்றார் மையத்தின் இயக்குநர் யோகேந்திரன்.

“அம்பலமாக்கியது யார்?” என்று கேட்டார் சட்ட அதிகாரி ஜானிஸ்.

“நோயாளிதான்.”

“அப்படியானால் நோயாளியின் அந்தரங்கத்தை நோயாளியிடமிருந்து காப்பாத்தணும்.”

“குடுத்துட்டா என்ன?” என்று விக்னேஸ்வரன் மெல்லக் கேட்டார். கேட்டார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். “பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு நல்லாத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கறதுதான் மிஸ்டர் விக்னேஸ், சிக்கலே,” என்றார் ஜானிஸ். “ பேரை அழிச்சாச்சு. பேரில்லாத படத்த யாருக்குன்னு குடுப்பீங்க? அதோட, அந்த ஆளு ‘தொடர்பு அற்றவர்’னு எழுதி அனுப்பிட்டோம். இப்ப ‘பக்கத்து வீட்ல இருக்காங்க’ன்னு எழுதுவீங்களா?”

யோகேந்திரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்த ஒருத்தர நீக்கிட்டா, தொடர்பு அற்றவர் யாருமே இல்ல. இல்லையா?”

விக்னேஸ்வரன் நிமிர்ந்தார். நூறு விழுக்காடு! நட்சத்திரம் போனால் போகட்டும். வேலிப் பக்கம் வந்து நிற்கும் முகம் ஒருமுறை வந்து போனது; கேடயத்தின் முகம் வந்து நின்றுவிட்டது. வெளிநாட்டிலிருந்த பிரதியையும் நீக்கச் சொல்லி மின்னஞ்சல் போனது. இங்கே அழிக்கும் பொத்தானை அவரே அழுத்தினார். ‘உறுதிதானா?’ என்று கணினி கேட்டது. அந்தக் கட்டடத்தில் அப்படிக் கேட்டது அது ஒன்றுதான்.

அடுத்த வாரமே மையத்தின் கவுண்டருக்கு மேலே மூன்று மொழியில் பதாகை தொங்கியது: ‘எங்கள் ஆய்வில் தொலைந்த நோயாளி எவருமில்லை.’ மருதம்மாள் அதற்கு நேர் கீழே நின்று படம் கேட்டார். அப்படி ஓர் ஆளே பதிவில் இல்லை என்றார்கள்.

அன்று சாயங்காலம் விக்னேஸ்வரன் காடி கழுவிக்கொண்டிருந்தார். மருதம்மாள் வலக்கையால் இடக்கையை ஏந்திக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார். பின்னால் லோகேஸ்வரி.

“எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்கா,” என்றார் அவர், குழாயை மூடாமல். “யாருக்கும் உங்களத் தெரியக் கூடாதுல்ல? ரூல் அப்படி. நான் என்னா செய்யட்டும்?”

“ரூல் போட்ட ரூம்புல நீங்களுந்தானே அண்ணே இருந்தீங்க?” என்று எகிறினாள் மகள். மருதம்மாள் அவளைப் பேச விடவில்லை.

“எம் புருஷன் பன்னின்னு நெனச்சிச் சுட்டாரு தம்பி. ஆளுன்னு தெரிஞ்சதும் துப்பாக்கியப் போட்டுட்டு என்னத் தூக்கிக்கிட்டு ஓடுனாரு. நீ ஆளுன்னு தெரிஞ்ச பொறவுதானலா சுட்ட.”